ஞாயிறு பின்னேரம் வந்த மூன்றாமவர்

2016 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 23 ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, பி.ப. 2.40. இந்த விடயத்தில் பதியப்படும் மூன்றாவது வாக்குமூலம் இது. முதலாவது, முறைப்பாட்டாளரான என் மூத்த சகோதரி கமீலாவுடையது. இரண்டாவது, அயல்வீட்டுப் பளீலாவுடையது.

பெயர்: நெய்னார் முகம்மது ஹிஷாம். வயது 25. முகவரி: பள்ளிவாசல் பின்வீதி, தில்லையடி, புத்தளம். குடும்பத்தின் ஊர் மன்னார். நான் பிறந்தது புத்தளத்தில், இடம்பெயர்ந்தோர் முகாமில். தொழில்: நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கீழ் அளவுக் கருவிகளைச் சோதித்துத் திருத்தும் தொழில்நுட்பவியலாளர். வார நாட்களில் அங்கேயே தங்குவேன்.

சார்ஜன்ட் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி: "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த வீட்டுக்கு வந்த ஆள் யாரு?" அப்படி ஓர் ஆள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று விளங்கவேண்டுமானால் திங்கட்கிழமையிலிருந்து கேட்க வேண்டும், இடையில் மறித்தால் நேரம்தான் போகும், நாளைக் காலை ஒரு பெண்ணை நீதவான் முன் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று சொன்னேன். அவர் சிங்களத்தில் "ஹரி, ஹரி" என்று சம்மதித்து, "சொல்லுங்க" என்று பேனையை எடுத்தார்.

நெய்னார் முகம்மது என்பவர் என் வாப்பா, வயது 61, கற்பிட்டியிலிருந்து வரும் கருவாட்டை மொத்தமாக வாங்கி விற்பவர். பல வருடங்களாக அவருக்குச் சீனி வருத்தம். காலையும் இரவும் மாத்திரை, மாதம் ஒருமுறை கிளினிக், ஊசி இல்லை. என் உம்மா மௌத்தான பின்னர் வாப்பா றுக்கியா என்பவரை நிக்காஹ் செய்தார். நான் அவரைச் சாச்சி என்று அழைப்பேன். என் ராத்தா கமீலா அவரை எதுவும் அழைப்பதில்லை. சாச்சி வந்த முதல் கிழமையில் உம்மாவின் உடுப்புகளை அலுமாரியிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்தார் என்பதற்காக ராத்தா அவருடன் கதைப்பதை நிறுத்தினார். இன்றுவரை, ஏதாவது சொல்லவேண்டி வந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

22 ஆம் திகதி திங்கட்கிழமை காலை நான் வேலைத்தளத்தில் இருந்தபோது சாச்சி தொலைபேசியில், "மகன், வாப்பா எழும்புறாரில்ல, மூச்சு மட்டும்தான் வருது, ஹொஸ்பிட்டலுக்குக் கொண்டு போறம்" என்றார். நான் அனுமதி பெற்றுக்கொண்டு பஸ்ஸில் புத்தளம் வந்து வைத்தியசாலைக்குப் போனபோது வாப்பாவுக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. நாக்கு கருவாடுபோல் காய்ந்து கிடந்தது. கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. அதன் பின்னர் வைத்தியர் என்னையும் சாச்சியையும் ராத்தாவையும் வாட்டுக்கு வெளியே அழைத்து இரத்தத்தில் சீனி எழுநூற்று நாற்பத்திரண்டு என்றும், இருநூறைத் தாண்டவே விட்டிருக்கக் கூடாது என்றும், உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் சிறுநீராகப் போய்விட்டது என்றும் சொல்லிவிட்டு, வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

சாச்சி, "சீனித்தண்ணி குடுத்தன், குளுக்கோஸ் குடுத்தன், ஈச்சம்பழம் குடுத்தன்" என்றார்.

"மாத்திரை?"

"வெள்ளிக்கிழமையோட நிப்பாட்டினன்."

வைத்தியர் என் முகத்தைப் பார்த்தார். ராத்தா சுவரைப் பார்த்து, "கேட்டியா ஹிஷாம்? மாத்திரைய நிப்பாட்டி சீனியக் குடுத்திரிக்கா! என்ட வாப்பாவ என்ன செய்யப் பாத்தா எண்டு கேளு!" என்று சத்தம் போட்டார். அதற்குச் சாச்சி, "நான் ஏத்தத்தான் பாத்தன்" என்றார். முறைப்பாட்டில் குற்ற ஒப்புதல் என்று எழுதப்பட்டிருப்பது இந்த வசனம்தான். அவர் சொன்னது இதே சொற்கள்தான், ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. ராத்தா அங்கிருந்து நேரே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து முறைப்பாடு செய்தார். அந்த நேரத்தில் நானும் சாச்சியைச் சந்தேகப்பட்டேன். வேறு எப்படி நினைப்பது? சீனி வருத்தக்காரனுக்கு மூன்று நாள் சீனி கொடுத்தேன் என்று ஓர் ஆள் தன் வாயாலேயே சொல்கிறார்.

அதன் பின்னர் பின்னேரம் வாப்பாவுக்கு மாற்றிக் கட்டச் சாரங்களை எடுப்பதற்காக வீட்டுக்குப் போனேன். குசினியில் சீனிப் பை வெறுமையாகக் கிடந்தது. மாத்திரை அட்டை வெள்ளிக்கிழமை காலையோடு நின்றிருந்தது. இரண்டையும் பார்த்தபோது என் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, பூப்போட்ட துணி போர்த்தியபடி, விரலில் குத்தி இரத்தம் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் அப்படியொன்று இருந்ததில்லை. நான் அதைக் கையில் எடுத்த சிறிது நேரத்தில் ராத்தாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஹிஷாம், அங்க ஒரு மெஷின் இரிக்கும், எடுத்து உன்ட பேக்ல போடு."

"என்னத்துக்கு?"

"அது எங்கட சாமான். மச்சான் கட்டார்ல இருந்து கொண்டு வந்தது. பொலிஸ்காரன் எடுத்தா திரும்பி வருமா?"

"வாப்பா அங்க பேச்சில்லாமக் கிடக்காரு, நீங்க மெஷினுக்குக் கவலப்படுறீங்களா ராத்தா?"

"சொன்னதச் செய்யன்டா, விசாரண வைக்காம" என்று துண்டித்தார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. முறைப்பாடு கொடுத்தவருக்கு ஒரு சாமான் பொலிஸ் கையில் போகக் கூடாது என்றால், அந்தச் சாமானைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆகவே வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியின் கீழ் மூலையில், எள்ளளவு எழுத்தில், அலகு மில்லிமோல் என்று இருந்தது. இலங்கையில் கிளினிக்கிலும் பாமசியிலும் இருக்கும் கருவிகள் மில்லிகிராமில் காட்டும். ஒரே தூரத்தை மைலிலும் கிலோமீற்றரிலும் சொல்வது போன்றது இது. சீனி ஒன்றுதான், இலக்கம் வேறு. இந்தக் கருவியில் வரும் இலக்கத்தைப் பதினெட்டால் பெருக்கினால்தான் நம்முடைய கிளினிக் இலக்கம் வரும். என் தொழிலில் அழுத்தமானியை எடுத்ததும் முதலில் அலகைத்தான் பார்ப்போம். பார்க்காமல் வாசித்தவன் கொதிகலனுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது.

நான் எதையும் ஊகத்தில் சொல்வதில்லை. அதனால் இன்று காலை நகரத்துப் பாமசி ஒன்றுக்குப் போய் ஒரே விரலில் குத்தி, ஒரே நேரத்தில் வந்த இரத்தத்தை இரண்டு கருவியிலும் வைத்தேன். பாமசிக் கருவி தொண்ணூற்றெட்டு என்றது. வாப்பாவின் கருவி ஐந்து தசம் நான்கு என்றது. எனக்கு வருத்தமொன்றும் இல்லை. இரண்டு கருவியும் சரியாகத்தான் வேலை செய்தன. பாமசிக்காரர், "தம்பி, ஒங்களுக்கு அஞ்சு எண்டா நீங்க இப்ப நிண்டு கதைக்க ஏலாது" என்று சிரித்தார்.

அதன் பின்னர் நான் இந்த நிலையத்துக்கு வந்தபோது சாச்சியை விசாரணைக்கென்று காலையிலேயே அழைத்து வந்து பெண் கான்ஸ்டபிளின் பொறுப்பில் வைத்திருந்தார்கள். அந்தக் கான்ஸ்டபிளின் முன்னிலையில் அவருடன் கதைத்தேன். கருவியைப் பற்றி நான் கண்டதை அவருக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்னது பின்வருமாறு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் ராத்தா வந்து, வீட்டுக்குள் வராமல், மதிலுக்கு மேலால் இந்தக் கருவியை வாப்பாவிடம் நீட்டிவிட்டுப் போனார். அன்று வாப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ஆணி குத்திய கால்விரல் பழுத்து வீங்கியிருந்தது, தாகம் தாகம் என்றார், நிமிடத்துக்கொரு தடவை வெளியே போனார். பின்னேரம் விரலில் குத்திப் பார்த்தார்கள். பதினாறு தசம் எட்டு. சாச்சி பதினாறு என்று வாசித்தார். தசத்தைப் பற்றிக் கேட்டேன்.

"புள்ளிக்குப் பொறகு வாறது சதம் மாதிரித்தானே மகன்? அத யாரு கணக்கெடுப்பாங்க?"

போன நோன்பில் வாப்பா கடையில் வியர்த்து நடுங்கி விழுந்து, சீனி ஐம்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது எனக்கும் தெரியும். அந்த நாளில் கிளினிக் தாதி மிஸ்ஸி சாச்சியிடம், எழுபதுக்குக் கீழே போனால் சீனித்தண்ணி கொடுங்கள், எழுபது தாண்டும்வரை மாத்திரை வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தார். அது சரியான அறிவுரை. சாச்சி அதை எழுத்துக்கெழுத்து செய்தார். ஐம்பத்திரண்டிலேயே விழுந்த மனிதருக்குப் பதினாறு என்றால் அவர் பயப்படாமல் என்ன செய்வார்? சனிக்கிழமை பத்தொன்பது வந்தது. பிறகு இருபத்து மூன்று. ஞாயிறு காலை இருபத்தெட்டு.

"ஏறிட்டு வந்திச்சு மகன். மெதுவா, ஆனா ஏறிச்சு. எழுபதுக்கு ஏத்திட்டா மாத்திர குடுக்கலாம் எண்டு இரிந்தன்."

இதுதான் அவர் வாட்டில் சொன்ன 'ஏத்தத்தான் பாத்தன்.' சார்ஜன்ட் இதைக் கோடிட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் சீனி கூடியதற்கான அடையாளம் என்று வைத்தியர் சொன்னார். குறைந்தால் வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும். சாச்சி இரண்டையும் கண்ணால் கண்டவர். ஆனால் உடம்பு ஒன்றைச் சொல்ல, இலக்கம் வேறொன்றைச் சொன்னது. அவர் இலக்கத்தை நம்பினார். இதற்காக அவரைத் திட்ட எனக்குத் தகுதியில்லை, பொறியியலாளர்களே இதைச் செய்கிறார்கள்.

அதன் பின்னர் ஞாயிறு பின்னேரத்தைப் பற்றிக் கேட்டேன். சாச்சி முதலில் சொல்ல வெட்கப்பட்டார். அந்த நேரம் வாப்பா கட்டிலில் சாய்ந்து கிடந்தார், கதை தடுமாறியது, ஆனால் கதைத்தார். குத்திப் பார்த்தபோது கருவியில் இலக்கம் வரவில்லை. இரண்டு ஆங்கில எழுத்து மட்டும் வந்தது. சாச்சி எழுத்துக்கூட்டி, "ஹாய் எண்டு வருது" என்றார். வாப்பா கருவியை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஓ, மெஷின் எனக்கு ஸலாம் சொல்லுது புள்ள" என்று சொல்லி, அதற்கு மரியாதையாக "வஅலைக்குமுஸ்ஸலாம்!" என்று உரத்துப் பதில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். சுகமாகிவிட்டால்தான் இப்படி வரும்போலும் என்று நினைத்துச் சாச்சி கடைசியாக ஒரு கோப்பை சீனித்தண்ணி கலக்கிக் கொடுத்தார். நான் கருவியின் கையேட்டை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டேன். அந்த எழுத்துகள் 'ஹாய்' அல்ல, உயர்வு என்று பொருள்படும் 'ஹை'. அது, சீனி கருவியால் அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது, உடனே வைத்தியரிடம் போ என்பதற்கான அடையாளம். நம்முடைய கணக்கில் அறுநூறுக்கு மேல்.

நான் இதை உடனே நம்பவில்லை. பொலிஸ் காவலில் இருக்கும் ஆளுக்குக் கதை கட்ட நேரம் இருந்திருக்கிறது. ஆகவே தில்லையடிக்குத் திரும்பிப் போய்ப் பளீலாவைச் சந்தித்தேன். அவரது வாக்குமூலத்தில், ஞாயிறு பின்னேரம் அந்த வீட்டுக்கு வெளியாள் ஒருவர் வந்தார் என்றும், அதன் பின்னர் றுக்கியா சிரித்துச் சிரித்து ஏதோ கலக்கினார் என்றும் இருப்பதாகச் சார்ஜன்ட் சொல்லியிருந்தார். தெருவில் நேற்று மாலைக்குள் அந்த வெளியாளுக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் நீலச் சேட்டும் வந்துவிட்டன. சிலர் அவரை மருந்து மாந்திரீகக்காரர் என்றார்கள், சிலர் வேறு விதமாகச் சொன்னார்கள். அதை இங்கே எழுதத் தேவையில்லை.

நான் பளீலாவிடம் கேள்வியை மட்டும் கேட்டேன், விடையை எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஆளக் கண்டீங்களா?"

"காணல்ல."

"பைக் சத்தம் கேட்டீங்களா?"

"அது கடைக்கார ஹாசிம் சொன்னது. நான் சொல்லல்ல."

"அப்ப ஆள் வந்தது எப்புடித் தெரியும்?"

"என்ன கதை கதைக்கிறீங்க தம்பி? ஒங்கட வாப்பா ஸலாத்துக்குப் பதில் சொன்னாரே, 'வஅலைக்குமுஸ்ஸலாம்' எண்டு, மதில் தாண்டிக் கேட்டிச்சு. ஒருத்தர் ஸலாம் சொல்லாம அதுக்குப் பதில் வருமா? வந்த மனிசன் மெல்லமாச் சொல்லியிருப்பான், கள்ளன் மாதிரி."

பளீலா பொய் சொல்லவில்லை. கேட்டதைத்தான் சொன்னார். ஆனால் அவரது வாக்குமூலம் பதியப்பட்டது நேற்று, சாச்சி என்னிடம் சொன்னது இன்று. பளீலா என்ன சொன்னார் என்பது சாச்சிக்கு இதுவரை தெரியாது. கட்டிய கதை என்றால் இருவர் சொல்வதும் வாப்பாவின் அந்த ஒரு சொல்லில் வந்து பொருந்தாது. எனவே அந்த வீட்டுக்கு வந்த மூன்றாவது ஆள், நான் சற்று முன்னர் சான்றுப்பொருளாக இந்த மேசையில் வைத்த கருவிதான். சார்ஜன்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். நான் சிரிக்கவில்லை.

ஆனால் என் சந்தேகம் அத்தோடு முடியவில்லை, இடம் மாறியது. கட்டாரில் வாங்கிய கருவியைக் கொடுக்கும்போது அலகு வேறு என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். அதன் பின்னர் டோஹாவில் இருக்கும் ராத்தாவின் கணவர், மச்சான் நௌஃபருக்கு அழைப்பு எடுத்தேன். அவர் விடுமுறை முடிந்து வியாழக்கிழமைதான் திரும்பிப் போனவர்.

"மச்சான், இந்த மெஷின் வேற அலகு எண்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? எயார்போட்டுக்குப் போற வழியிலயே கமீலாக்கிட்டச் சொன்னன். வாறத பதினெட்டால பெருக்கணும், மறக்காம மாமாவுக்குச் சொல்லு எண்டு. ரெண்டு தரம் சொன்னன். ஏன், அவ சொல்லல்லயா?"

சாச்சி பொலிஸில் இருப்பதைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "மாமாக்கு எப்புடி?" என்று கேட்டார்.

அதன் பின்னர் ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். பதினெட்டு என்று மட்டும் சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வாப்பாக்கிட்டச் சொல்லத்தான் போனன். வாயத் திறக்கேக்க அவ கதவடிக்கு வந்து நிண்டா. அவட முகத்தப் பாத்துக்கொண்டு நான் கதைக்க மாட்டன் எண்டு ஒனக்குத் தெரியும்தானே."

"அப்ப போன்ல சொல்லியிருக்கலாமே."

"வாப்பாட போன எப்பவும் அவதான் எடுக்கிறா."

"மூணு நாள் இரிந்திச்சு ராத்தா."

"மறந்திட்டன்."

"நேத்து மெஷின ஒளிக்கச் சொல்லேக்க ஞாபகம் இரிந்திச்சா?"

அவர் சுவரைப் பார்த்தார். சாச்சி இல்லாத இடத்திலும், முதல் தடவையாக, என் முகத்தைப் பார்க்காமலிருக்க அவருக்குச் சுவர் தேவைப்பட்டது. நான் வெளியே வந்து ஓட்டோ பிடித்து, வழியில் வாட்டில் வாப்பாவைப் பார்த்துவிட்டு இங்கே வந்தேன்.

எனக்கு நேரடியாகத் தெரிந்தவை: வைத்தியர் சொன்னது, கருவியின் அலகு, என் விரலில் வந்த இரண்டு இலக்கங்கள், தொலைபேசியில் நௌஃபர் சொன்னது, ராத்தா என் முன்னால் சொன்னது. மற்றவை சாச்சியும் பளீலாவும் சொன்னபடி. சாச்சி கொடுத்தது நஞ்சு அல்ல, கிளினிக்கில் கற்றுக்கொண்ட மருந்து, எதிர்ப்பக்கமாகப் போய்விட்டது. வாப்பா இன்று மதியம் கண் திறந்தார், ஆனால் என்னை அடையாளம் காணவில்லை. இரண்டு நாள் போனால்தான் சொல்லலாம் என்று வைத்தியர் சொன்னார். சார்ஜன்ட் எழுதியதை நானே வாசித்துப் பார்த்து, சாச்சி சொன்னது 'குறைக்கத்தான் பாத்தன்' என்று தவறாக எழுதப்பட்ட இடத்தில் 'ஏத்தத்தான் பாத்தன்' என்று திருத்தச் சொல்லி, திருத்திய இடத்தில் கையெழுத்திட்டேன். இதில் என் அறிவுக்கு எட்டியவரை பொய் ஒன்றும் இல்லை, யாரும் சொல்லித் தந்ததும் இல்லை.

இனி என்ன செய்யப் போகிறீர் என்று சார்ஜன்ட் கேட்டதற்குச் சொல்லிப் பதிந்தவை:

1. இங்கிருந்து வைத்தியசாலைக்குப் போய், இரண்டு அலகுகளின் வித்தியாசத்தை வைத்தியரிடமிருந்து எழுத்தில் வாங்கி, நீதிமன்றம் தொடங்குவதற்கு முன் பொறுப்பதிகாரியிடம் கொடுப்பேன்.

2. நௌஃபரைப் பொறுப்பதிகாரியுடன் நேரடியாகத் தொலைபேசியில் கதைக்க வைப்பேன்.

3. வாப்பாவின் கால்விரலுக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்பேன். அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

4. சாச்சியை விடுவித்ததும் உள்ளூர்க் கருவி ஒன்றை வாங்கி, அவரையே குத்த வைத்து, அவரையே வாசிக்க வைப்பேன். அலகோடு.

5. ராத்தாவை வாப்பாவின் கட்டிலடிக்குக் கொண்டுவந்து, சாச்சி பக்கத்தில் நிற்க, ஒரேயொரு கேள்வி கேட்பேன்: மறந்ததா, சொல்லாமல் விட்டதா? சுவரைப் பார்த்துச் சொல்ல விடமாட்டேன், சாச்சியின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மறந்தது என்று சொல்லி, அது எனக்கும் உண்மையாகப் பட்டால், முறைப்பாட்டை அவரே வந்து திரும்ப எடுக்கட்டும். படாவிட்டால், அவர் மீது முறைப்பாடு எழுத நானே வருவேன்.

(ஒப்பம்) நெ. மு. ஹிஷாம்